மரத்துக்கு மருந்து, மனிதனுக்கு என்ன?

போர்ட் கிள்ளான் துறைமுகத்திலிருந்து கப்பலேறும் கொள்கலன்களில் நாற்காலியும் மேசையும் கட்டிலும் அடுக்கடுக்காகப் போகின்றன. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் அவற்றை வாங்கி வீட்டில் போடுகிறவர்கள் அவை என்ன மரம் என்று கேட்பதில்லை. நமக்குத் தெரியும். அவற்றில் மிகப் பெரும் பங்கு கித்தா மரம். நாமும் நம் தாய் தந்தையரும் விடியுமுன் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நிரை நிரையாக நடந்து பால் வெட்டிய மரம்.

இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் பால் தந்த பிறகு அந்த மரத்தை வெட்டிச் சாய்த்து மறுநடவு செய்வது தோட்ட வழக்கம். முன்னெல்லாம் சாய்ந்த மரம் அடுப்புக்கும், செங்கல் சூளைக்கும், ஷீட் காயும் புகைக் கூண்டுக்கும் போனது. பிறையில் மலாயாவாத்தா எஃகு ஆலை 1967 முதல் கித்தா மரக் கரியைக் கொண்டே இரும்பு உருக்கியது. 1980-களுக்குப் பிறகுதான் இம்மரத்துக்குப் பெரிய மவுசு வந்தது. ‘மலேசிய ஓக்’ என்று வெளிநாட்டுச் சந்தையில் பெயரும் சூட்டினார்கள். தோட்டம் தந்த பொருளுக்கு மதிப்பு ஏறியதில் நமக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த மதிப்பு எப்படி ஏறுகிறது, அதற்கு யார் உடம்பால் விலை கொடுக்கிறார்கள் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. இன்று தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்பு நிலமான பின், காப்பாரிலும் மேருவிலும் சுங்கை பூலோவிலும் பலகை ஆலைக்கும் தளவாட ஆலைக்கும் வேலைக்குப் போகிறவர்கள் யார்? நம் பிள்ளைகள்தாம். அவர்கள் பக்கத்தில் நின்று பலகை தூக்குகிற நேப்பாளத் தோழரும் வங்காளதேசத் தோழரும் நமக்கு அந்நியர் அல்லர். ஒரு காலத்தில் நம் பாட்டனாரும் அப்படித்தான் கப்பலேறி வந்தார்.

கித்தா மரத்துக்கு ஒரு குறை உண்டு. அதில் மாவுச்சத்து மிகுதி. மரத்தைச் சாய்த்து ஓரிரு நாள் போட்டு வைத்தால் நீலப் பூஞ்சை பிடிக்கும். அதற்குப் பின் பொடி வண்டு துளைத்து மாவாக உதிர்க்கும். ஆகையால் அறுத்த கையோடு பலகைக்கு மருந்து ஏற்றியாக வேண்டும். பலகைகளை வண்டியில் அடுக்கி, நீண்ட இரும்பு உருளைக்குள் தள்ளிக் கதவைப் பூட்டுகிறார்கள். முதலில் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கிறார்கள்; பிறகு மருந்து நீரை நிரப்பி அழுத்தம் கொடுக்கிறார்கள். மருந்து மரத்தின் நடுவரை இறங்குகிறது. கதவைத் திறந்ததும் சொட்டச் சொட்டப் பலகையை இழுத்து வெளியே அடுக்கி, சூடான அறையில் உலர்த்துகிறார்கள். மூட்டையை உடைத்துத் தூளைத் தொட்டியில் கொட்டிக் கலக்குகிறவர் ஒருவர். ஈரப் பலகையை இழுக்கிறவர் ஒருவர். தொட்டியின் அடியில் தேங்கும் சகதியை வழித்தெடுக்கிறவர் ஒருவர். உலர்ந்ததை இழைத்துத் தூள் பறக்க அறுக்கிறவர் வேறொருவர். இந்த நால்வருக்கும் ஆபத்து ஒரே அளவில் இல்லை என்பதை வாசகர்கள் மனத்தில் வைக்கவேண்டும்.

மருந்து என்று ஒரே சொல்லாகச் சொல்லிவிடுகிறோம். அதுவே முதல் தொல்லை. எந்த மருந்து?

பூஞ்சையைத் தடுக்கப் பச்சைப் பலகையை ஒரு காலத்தில் சோடியம் பென்டாகுளோரோபீனேட் என்னும் இரசாயனக் கரைசலில் முக்கி எடுத்தார்கள். உலகெங்கும் மர ஆலைகளில் அது சர்வசாதாரணம். அது தோல் வழியே உடம்புக்குள் ஏறும் நஞ்சு. 1967-இல் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகர மருத்துவமனை ஒன்றில், துணி வெளுக்குமிடத்தில் இந்த இரசாயனம் கலந்த பொருளைப் பயன்படுத்தினார்கள். அந்தத் துணியில் சுற்றிய பச்சிளங் குழந்தைகள் வியர்த்து, மூச்சு வாங்கி, காய்ச்சல் கண்டன. இரண்டு குழந்தைகள் மாண்டன. குடித்து அல்ல, மூச்சில் இழுத்து அல்ல, துணி பட்டே இப்படி ஆனது. அப்படியானால் முழங்கை வரை தொட்டியில் விட்டுப் பலகை எடுத்தவனின் கதி என்ன? 2015-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நாடுகள் பென்டாகுளோரோபீனாலை ஒழிக்க வேண்டிய நஞ்சுகளின் பட்டியலில் சேர்த்தன. மின்கம்பத்துக்கு மட்டும் சலுகை வைத்தன. 2016-இல் உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் அதை மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்றே முடிவு செய்தது.

கித்தா மரத்துக்கு இப்போது பெரும்பாலும் ஏற்றுவது வெண்காரமும் போரிக் அமிலமும். இங்கே நாம் நியாயமாகப் பேசவேண்டும். இது பாஷாணம் அல்ல. மற்றவற்றோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல். நம் வைத்தியர்களும் வெண்காரத்தைப் பொரித்துப் புண்ணுக்குப் போட்டதுண்டு. அதைக் காட்டியே சில மேற்பார்வையாளர்கள் ‘இது உப்பு மாதிரிதான், பயப்படாதே’ என்று புதிதாக வந்தவனைத் தேற்றுவது வழக்கம். உப்பு மாதிரி அல்ல. விலங்குகளுக்கு மிகுதியாகக் கொடுத்துச் சோதித்தபோது ஆண்மைக்கும் கருவுக்கும் கேடு காணப்பட்டது. அதனால் ஐரோப்பிய நாடுகள் போரிக் அமிலத்தை இனப்பெருக்கத்துக்குத் தீங்கு செய்யும் பொருள் என வகைப்படுத்தி, 2010-இல் கவலைக்குரிய பொருள்களின் பட்டியலிலும் சேர்த்தன. ஆகவே கர்ப்பிணிப் பெண் ஒருத்தி மூட்டை உடைக்கும் இடத்தில் நிற்கலாமா என்று கேட்டால், கூடாது என்பதே நம் பதில். காய்ந்த நாற்காலியில் உட்காருகிறவனுக்கு ஆபத்தா என்று கேட்டால், இல்லை என்றும் தயங்காமல் சொல்வோம்.

மூன்றாவது, செம்பும் குரோமியமும் ஆர்சனிக்கும் சேர்ந்த கலவை. பலகைக்குப் பச்சை நிறம் ஏறும். இதைக் கண்டுபிடித்தவர் ஓர் இந்தியர்: டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் 1930-களில் பணியாற்றிய சொந்தி காமேசன். அன்று அது பெரிய சாதனை. கரையானும் மழையும் தின்னாத மரம் கிடைத்தது, உலகமே எடுத்துக்கொண்டது. நம் நாட்டிலும் கூரைச் சட்டங்களுக்கும் கம்பங்களுக்கும் வெகுகாலம் பயன்பட்டு வந்திருக்கிறது. ஆனால் ஆர்சனிக் என்பது பாஷாணம். நாள்பட உடலில் ஏறினால் தோல் கறுத்துப் புள்ளி விழும், உள்ளங்கை தடிக்கும், நுரையீரலிலும் மூத்திரப் பையிலும் புற்றுநோய் வரும். குரோமியம் மூக்கின் நடுத்தண்டைத் துளைக்கும். கையில் ஆறாத குழிப்புண் உண்டாக்கும். மருந்து ஏற்றிய மரம் நாள் செல்லச் செல்ல அந்தக் குரோமியத்தின் கொடுமை குறைந்து, மருந்தும் மரத்தோடு இறுகிவிடும். அதற்குமுன், ஈரம் காயாத பச்சைப் பலகையை வெறுங்கையால் தூக்குகிறவன்தான் முழுக் கேட்டையும் வாங்கிக் கொள்கிறான். அமெரிக்காவில் 2003 முடிவோடு வீட்டு உபயோக மரத்துக்கு இதை நிறுத்தினார்கள். 2004-இல் ஐரோப்பாவும், 2006-இல் ஆஸ்திரேலியாவும் கட்டுப்பாடு விதித்தன. சிறுவர் விளையாடும் ஊஞ்சல் கட்டையில் அது கூடாது என்று அந்நாட்டார் முடிவு கட்டினார்கள். அவர்கள் பிள்ளை தொடக்கூடாத கட்டையை நம் பிள்ளை நாள் முழுதும் தூக்கலாமா?

ஆபத்தை எப்படி அளப்பது என்ற கேள்விக்கு வருவோம். நஞ்சின் கொடுமை ஒரு பங்கு. அது உடம்பில் படும் அளவும் காலமும் மறு பங்கு. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே மதிப்பீடு. பூட்டிய தகரத்தில் இருக்கும் பாஷாணத்தால் கேடில்லை. எட்டு மணி நேரம் முகத்தில் பறக்கும் சாதாரண மரத்தூளால் கேடு உண்டு. 1960-களில் இங்கிலாந்தில் ஹை விக்கம் என்னும் தளவாட ஊரில் எஸ்மி ஹாட்பீல்டு என்ற பெண் மருத்துவர், தன்னிடம் மூக்கில் புற்றுநோயோடு வருகிறவர்களில் பலர் தளவாடத் தொழிலாளர்களாக இருப்பதைக் கவனித்தார். அந்தக் கவனிப்பிலிருந்து தொடங்கிய ஆராய்ச்சியால், மரத்தூளே புற்றுநோய்க்குக் காரணம் என்பது நிலைநாட்டப்பட்டது. 1995-இல் உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனமும் அதை ஏற்றது. ஆலையின் உள்ளிருந்து எவரும் இதைச் சொல்லவில்லை. நோயாளி என்ன வேலை செய்கிறான் என்று ஒரு வைத்தியர் கேட்டதால் வெளிப்பட்டது. கிளினிக்குக்குப் போகும் நம் தோழர்கள், வைத்தியர் கேட்காவிட்டாலும், ‘நான் மருந்துத் தொட்டியில் வேலை செய்கிறேன்’ என்று தாமே சொல்லவேண்டும்.

தோட்டப்புறத்தாருக்கு இந்தக் கதை புதிதல்ல. லாலான் புல்லைக் கொல்ல இந்நாட்டுத் தோட்டங்களில் சோடியம் ஆர்சனைட் அடித்த காலம் ஒன்று இருந்தது. மறுநடவுக்கு முன் கிழட்டு மரங்களைக் கொல்லவும் அதே பாஷாணத்தைப் பட்டையில் பூசினார்கள். பிறகு டீசலில் 2,4,5-டி என்ற மருந்தைக் கலந்து பூசினார்கள். அதில் டையாக்சின் என்னும் கடும் நஞ்சு கலந்திருந்தது என்பது பின்னால்தான் வெளிவந்தது. அதற்கடுத்து பாராகுவாட் வந்தது. மருந்து அடிக்கும் பெண்களுக்கு மூக்கில் இரத்தம் வடிந்தது, நகம் கழன்றது. 2002-இல் தெனாகானித்தா அமைப்பு அவர்கள் துயரத்தைப் புத்தகமாக வெளியிட்டது. அதே ஆண்டு அரசாங்கம் பாராகுவாட்டுக்குத் தடை அறிவித்தது. 2006-இல் தடை தளர்ந்தது. மீண்டும் 2020 ஜனவரி 1-ஆம் தேதிதான் தடை நிலைபெற்றது. நடுவில் கழிந்த ஆண்டுகளில் டின்னைச் சுமந்த முதுகு யாருடையது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு முறையும் ‘ஒழுங்காகப் பயன்படுத்தினால் ஆபத்தில்லை’ என்ற பாட்டுத்தான். வெயிலில், வியர்வையில், கோட்டா வேலையில், கையுறை கிழிந்த பின் மாற்றுக் கையுறை கிடைக்காத இடத்தில் ஒழுங்கு என்பது எவ்வளவு தூரம் நடக்கும் என்பதை அந்தப் பாட்டுப் பாடினவர் மதிப்பிட்டதில்லை.

சட்டம் என்ன சொல்லுகிறது? 1994-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு சுகாதாரச் சட்டத்தின் கீழ் 2000-இல் இரசாயன விதிகள் வந்தன. சுகாதாரத்துக்குக் கேடான இரசாயனம் புழங்கும் இடத்தில் நிர்வாகம், பதிவு பெற்ற மதிப்பீட்டாளரைக் கொண்டு எழுத்துமூலமான சுகாதார அபாய மதிப்பீடு செய்யவேண்டும். வேலைமுறை மாறினாலோ, ஐந்தாண்டு கழிந்தாலோ மறுபடி செய்யவேண்டும். ஆர்சனிக் போன்றவற்றில் வேலை செய்வோருக்குப் பன்னிரண்டு மாதத்துக்கு மிகாத இடைவெளியில் மருத்துவக் கண்காணிப்பு வேண்டும். அந்தப் பதிவை 30 ஆண்டு காக்கவேண்டும். 2013-ஆம் ஆண்டு விதிப்படி ஒவ்வோர் இரசாயனத்துக்கும் லேபிளும் பாதுகாப்புத் தகவல் ஏடும் இருக்கவேண்டும். 2024 ஜூன் 1 முதல் நடப்பிலுள்ள திருத்தத்தின்படி, உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பக் காரணம் இருந்து, நிர்வாகம் அதை நீக்கவும் தவறினால், அந்த இடத்தை விட்டு விலகத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. முதலாளி தவறினால் 5 லட்சம் வெள்ளி வரை அபராதம்.

ஏட்டில் பார்த்தால் குறையொன்றும் இல்லை. குறை எங்கே என்றால், மதிப்பீட்டாளர் வருகிற நாளில் தரை கழுவியிருக்கும்; எல்லார் கையிலும் புதுக் கையுறை இருக்கும்; சகதி அள்ளுகிற வேலை அன்று நடக்காது. இப்படி அளந்த கணக்கில் ஆபத்து குறைவு என்றுதான் வரும். அதனால் நாம் கோருவது என்னவென்றால், மதிப்பீட்டாளர் மூட்டை உடைக்கிறவனிடமும் சகதி அள்ளுகிறவனிடமும், தண்டலோ மேற்பார்வையாளரோ பக்கத்தில் இல்லாமல், நேரில் பேசவேண்டும். இரவு ஷிப்டையும் பார்க்கவேண்டும். குத்தகைக்காரர் கொண்டுவரும் ஆட்களையும் தலையெண்ணிச் சேர்க்கவேண்டும். 40 பேருக்குக் குறையாத இடங்களில் பாதுகாப்புக் குழு இருக்கவேண்டும் என்பது சட்டம். அதில் தொழிலாளர் பிரதிநிதி என்ற பெயரில் நிர்வாகத்துக்கு வேண்டியவரை உட்கார வைப்பதை நாம் ஏற்க முடியாது.

இங்கே கிராணிமாருக்கு ஒரு வார்த்தை. தகவல் ஏடு பெரும்பாலும் உங்கள் அலமாரியில்தான் தூங்குகிறது. அது மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. தமிழில் இல்லை, வங்காளத்திலும் நேப்பாளியிலும் இல்லை. அதில் முதலுதவி, தீயணைப்பு, கையாளும் முறை எல்லாம் வரிசையாக உண்டு. மருந்துத் தொட்டியருகே நிற்பவனுக்கு அதை அவன் மொழியில் படித்துச் சொல்ல அரை மணி நேரம் ஆகும். நிர்வாகத்தின் கடமை அது, ஐயமில்லை. ஆனால் நிர்வாகம் செய்யும் வரை ஏடு அலமாரியில் கிடக்கட்டும் என்று நீங்கள் இருக்கலாமா? சரக்கு வரவுப் பேரேட்டை எழுதுகிறவருக்கு எந்த மாதம் எந்த மருந்து எத்தனை மூட்டை வந்தது, எப்போது மருந்து மாறியது என்பது தெரியும். மருந்து மாறினால் மறுமதிப்பீடு வேண்டும் என்பதை முதலில் அறியக்கூடியவர் நீங்களே. சட்டப்படி பாதுகாப்புக் குறையை எடுத்துச் சொன்ன ஊழியரைப் பழிவாங்கவும் கூடாது.

‘இத்தனை ஆண்டாக ஒருவனுக்கும் ஒன்றும் ஆகவில்லையே’ என்று நிர்வாகஸ்தர்கள் சொல்வதுண்டு. புற்றுநோய் இருபது முப்பது ஆண்டு கழித்து வருவது. அயல்நாட்டுத் தோழர் சில ஆண்டில் ஊர் திரும்பிவிடுகிறார். அவருக்கு அங்கே என்ன ஆனதென்று இங்கே எந்தப் பேரேட்டிலும் பதிவதில்லை. 2019 முதல் அவர்களும் சொக்சோவில் சேர்ந்துவிட்டார்கள் என்பது நல்லதே. ஆனால் எந்த மருந்தில் எத்தனை நாள் வேலை செய்தார் என்ற சான்று கையில் இல்லாமல் தொழில் நோய் என்று நிரூபிப்பது எப்படி? வேலையை விடும் ஒவ்வொருவர் கையிலும் மருத்துவக் கண்காணிப்பு அறிக்கையின் நகல் ஒன்று இருக்கவேண்டும் என்று சங்கம் கேட்கவேண்டும். செலவு ஒரு காகிதம்.

கையுறையும் முகமூடியும் கொடுத்துவிட்டோம் என்பதையும் நாம் முழுப் பதிலாகக் கொள்ளவில்லை. தூளாக வரும் மருந்தைக் கரைசலாக வாங்கலாம். மூடிய குழாயில் கலக்கலாம். உருளையைத் திறக்குமுன் கடைசியாகக் காற்றை நன்றாக உறிஞ்சினால் பலகை சொட்டுவது குறையும். சொட்டுமிடத்தில் சிமெண்டுத் தரையும் வடிகாலும் கட்டி, வடிந்ததை மீண்டும் தொட்டிக்கே அனுப்பலாம். மருந்தும் மிச்சம், உடம்பும் மிச்சம். இவற்றையெல்லாம் செய்த பிறகு மீதியுள்ள ஆபத்துக்குத்தான் கையுறை.

துறைமுகத் தோழர்களுக்குத் தனியாகச் சொல்லவேண்டியது ஒன்றுண்டு. மரப் பெட்டியிலும் பாலட்டிலும் பூச்சி ஒளிந்து நாடு தாண்டாதிருக்க, 2002-இல் உலக விதி ஒன்று வந்தது. மரத்தின் நடுவில் 56 பாகை செல்சியஸ் சூடு ஏறி 30 நிமிடம் நிற்கச் செய்யவேண்டும். அல்லது மெத்தில் புரோமைடு புகை போடவேண்டும். இந்தப் புகைக்கு நிறமில்லை, மணமும் இல்லை. காற்றைவிடக் கனமானது, கொள்கலனின் தரையில் படிந்து கிடக்கும். மூச்சில் ஏறினால் தலைவலி, வாந்தி, தள்ளாட்டம். மிஞ்சினால் வலிப்பும் சாவும். ஓசோன் படலத்தையும் இது கெடுப்பதால் வளரும் நாடுகளிலும் 2015 முதல் விவசாயத்துக்கு நிறுத்தப்பட்டது. துறைமுகத் தனிமைப் பரிசோதனைக்கு மட்டும் விலக்கு இருக்கிறது. ஊரிலுள்ளவர்களுக்கு நீக்கிய நஞ்சைத் துறைமுகத் தொழிலாளிக்கு மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள்! சூடு போடும் முறை இருக்கும்போது புகை எதற்கு என்பதே நம் கேள்வி. அதுவரை, காற்றோட்டம் விட்டு அளவு பார்த்தாயிற்று என்ற சீட்டைக் கண்ணால் காணாமல் புகை போட்ட கொள்கலனுக்குள் ஒருவரும் கால் வைக்கக்கூடாது.

ஆலைக்கு வெளியே என்ன ஆகிறது? தொட்டிச் சகதியை இரவில் வாய்க்காலில் தள்ளினால் மறுநாள் மழை அதைக் கொண்டுபோய்விடும். கிள்ளான் பள்ளத்தாக்கின் ஓடைகள் கடைசியில் சேருவது கடலில். புலாவ் கெத்தாம் மீனவன் வலை வீசுவது அங்கேதான். 2019 மார்ச்சில் ஜொகூர் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் எவரோ இரசாயனக் கழிவைக் கொட்டியபோது ஆயிரக்கணக்கானோர் மருத்துவம் தேடினர்; 111 பள்ளிகளை மூடவேண்டியதாயிற்று. அது மர மருந்து அல்ல. ஆனால் கொட்டுகிறவன் புத்தி ஒன்றுதான். ஆர்சனிக் உள்ள கழிவு 2005-ஆம் ஆண்டு விதியின் அட்டவணையில் இருக்கிறது. உரிமம் பெற்றவரே எடுத்துச் செல்லவேண்டும். ஆலையின் பின்புறம் கீரைப் பாத்தி போட்டிருக்கும் குடும்பங்கள், வாய்க்கால் நீரை அதற்குப் பாய்ச்ச வேண்டாம். இலையின் ஓரம் காரணமின்றிக் கருகினால் வெண்கார நீர் கலந்திருக்கிறதா என்று சந்தேகப்படலாம்.

வீட்டு விஷயம் ஒன்றும் பாக்கி. கோயில் திருவிழா அன்னதானத்துக்கும் கல்யாணச் சமையலுக்கும் ஆலையிலிருந்தும் கிடங்கிலிருந்தும் வெட்டுத்துண்டுகளையும் பாலட்டுகளையும் இலவசமாகக் கொண்டுவந்து எரிக்கிறார்கள். பச்சை நிறம் ஏறிய கட்டையை அடுப்பில் வைக்கவே கூடாது. எரித்தால் ஆர்சனிக் புகையிலும் போகும், சாம்பலிலும் தங்கும். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு குடும்பத்தார் குளிர்காலத்தில் இப்படி மருந்தேறிய பலகைத் துண்டுகளை அடுப்பில் எரித்து, முடி கொட்டி, வலிப்புக் கண்டு, காரணம் தெரியாமல் பல காலம் அவதிப்பட்டனர். 1984-இல் மருத்துவ ஏடு ஒன்றில் அச்செய்தி வெளியாயிற்று. அந்தச் சாம்பலைக் கொண்டு பாத்திரம் தேய்ப்பதையும் செடிக்குப் போடுவதையும் நினைத்துப் பாருங்கள். பழைய ரயில் சிலிப்பர் கட்டைகளும் அப்படியே. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடும்பத்தாருக்கு அந்தக் கரிய தார் வாடை பழக்கமானது, அது கிரியோசோட். தோலில் பட்டு வெயிலில் நின்றால் எரியும். எரித்தால் புகை நஞ்சு. கால்வாய்க்குக் குறுக்கே பாலமாகப் போடலாம்; பிள்ளைகள் உட்காரும் திண்ணையாக வேண்டாம். பாலட்டில் கதிர் படம் போட்ட முத்திரை இருக்கும். அதில் எச்.டி. என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் சூடு போட்டது, எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு போட்டது. எம்.பி. பாலட்டையும், முத்திரையே இல்லாததையும் தொடவேண்டாம். எச்.டி. முத்திரை இருந்தாலும் எண்ணெயோ வேறு இரசாயனமோ சிந்திய கறை இருந்தால் அதுவும் வேண்டாம். மருந்தேறிய மரத்தூளைக் கோழிக்கூண்டில் பரப்புவதையும் நிறுத்திக் கொள்ளுங்கள்.

கிளைச் செயலாளர்கள் அடுத்த கூட்டத்துக்கு முன் மூன்று தாள்களை நிர்வாகத்திடம் எழுத்துமூலம் கேட்கவேண்டும்: கடைசியாகச் செய்த அபாய மதிப்பீட்டின் தேதியும் முடிவும், புழக்கத்திலுள்ள ஒவ்வொரு மருந்தின் தகவல் ஏடு, கழிவை எடுத்துச் செல்லும் உரிமதாரரின் பெயர். கொடுத்தால் நகலும், மறுத்தால் மறுத்த கடிதமும் சங்கத் தலைமையகத்துக்கு வரட்டும். பதிலே வராத இடங்களைப் பற்றித் தொழில் பாதுகாப்பு சுகாதாரத் துறைக்கு எழுத வேண்டியது சங்கத்தின் வேலை.